பழ ஈயும் ஒரு வாசனையும்: பூசாவிலிருந்து ஹெசரகட்டா வரை

சென்ற ஞாயிறன்று ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டியில் இரண்டு கிலோ மல்கோவா வாங்கினேன். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அரிந்து பார்த்தபோது கொட்டையை ஒட்டிய சதை பழுப்பேறிக் கூழாகியிருந்தது; அதில் வெண்ணிறப் புழுக்கள் நெளிந்தன. மறுநாள் வண்டிக்காரரிடம் சொன்னேன். "மழைக்கு அப்புறம் வர்ற பழத்துக்கு நான் ஜவாப்தாரி இல்லீங்க. மேல பாத்தா தங்கமாத்தான் இருக்கும்" என்றார். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாள்களில் பழ ஈயின் பெருக்கம் உச்சத்தை எட்டுகிறது. பின்பருவ மாம்பழங்களே அதனிடம் அதிகம் சிக்குகின்றன. பூச்சியியல் நூல்கள் பக்கம் பக்கமாக எழுதும் செய்தி அவர் வாயில் ஒரே வரியாக வந்துவிட்டது.

அந்தப் புழுவின் தாய் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்னும் கீழைத்தேயப் பழ ஈ. முற்றும் தறுவாயில் உள்ள காயின் தோலுக்கடியில் ஊசிபோன்ற உறுப்பைச் செலுத்தி முட்டையிடும். வெளிவரும் புழு சதையைத் தின்று வளரும்; பழம் உதிர்ந்ததும் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். பழத்துக்குள் இருக்கும் புழுவை எந்தத் தெளிப்பு மருந்தும் எளிதில் எட்டுவதில்லை. ஆகவே தாக்கும் வழி ஒன்றுதான்: பறக்கும் பருவத்தில், முட்டையிடுவதற்கு முன் பிடிக்க வேண்டும். இந்த ஈயின் ஆணை எது மயக்கும் என்பது நூறாண்டுக்கு மேலாக அறிவியலுக்குத் தெரியும். தெரிந்தும் என் தட்டில் புழு எப்படி வந்தது என்பதுதான் இப்பதிவின் கேள்வி.

பூச்சி ஃபெரோமோன்களின் வரலாற்றை நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் 1959 இல் தொடங்குகிறோம். அவ்வாண்டுதான் ஜெர்மானிய வேதியியலர் அடால்ஃப் பூட்டனான்ட் சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து பாம்பிக்கால் என்னும் சேர்மத்தைப் பிரித்தெடுத்து அறிவித்தார். கார்ல்சனும் லூஷரும் 'ஃபெரோமோன்' என்ற சொல்லைப் படைத்ததும் அதே ஆண்டில். தேர்வுக்குப் படிக்க இது வசதியான தொடக்கம். ஆனால் பழப்பயிர்களைப் பொறுத்தவரை கதை அதற்கு 47 ஆண்டுகள் முன்னதாக, பீகாரில் ஒரு கைக்குட்டையில் தொடங்குகிறது.

அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடையைக் கொண்டு கர்சன் காலத்து அரசு 1905 இல் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தது. அங்கே பூச்சியியல் பிரிவில் பணியாற்றியவர் ஃபிராங்க் மில்பர்ன் ஹவ்லெட். 1909 இல் வெளியான லெஃப்ராயின் 'இந்தியன் இன்செக்ட் லைஃப்' என்ற பெருநூலிலும் அவர் பங்குண்டு. ஈ, கொசு முதலிய இருசிறகிகளே அவருடைய தனித்துறை. அவருடைய அண்டைவீட்டார் ஒருவர் கொசுவை விரட்டுவதற்காகக் கைக்குட்டையில் சிட்ரொனெல்லா எண்ணெயைத் தெளித்து வைத்திருந்தார். ஈக்கள் கூட்டமாக வந்து அதை மொய்த்தன. மனிதர் எரிச்சலோடு ஹவ்லெட்டிடம் முறையிட்டார்.

வேறொருவராக இருந்தால் எண்ணெய் புட்டியை மாற்றச் சொல்லியிருப்பார். ஹவ்லெட் அந்த ஈக்களைப் பிடித்துப் பார்த்தார். அவை வீட்டு ஈக்கள் அல்ல; அன்று டாக்கஸ் என்ற பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த பழ ஈக்கள். அனைத்தும் ஆண்கள். 1912 இல் லண்டன் பூச்சியியல் கழகத்தின் இதழில் இதை வெளியிட்டார். பிறகு எண்ணெயின் கூறுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, ஈர்ப்புக்குக் காரணமான சேர்மங்களுள் முதன்மையானது மெத்தில் யூஜினால் என்று 1915 இல் அறிவித்தார். கிராம்புக்கு மணம் தரும் யூஜினாலின் நெருங்கிய உறவு அது. நம் வீட்டு முற்றத்துத் துளசியிலும் உண்டு. துளசி இலையைக் கசக்கித் தோட்டத்தில் வைத்தால் பழ ஈ வந்து அமர்வது இதனால்தான்.

ஒரு தற்செயலையும் இங்கே குறித்து வைக்கிறேன். இன்று நாம் பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்றழைக்கும் இனத்தைத் தைவானில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ஹெண்டல் முறைப்படி விவரித்ததும் அதே 1912 ஆம் ஆண்டில்தான். இனத்துக்குப் பெயர் கிடைத்த ஆண்டும் அந்த ஈக்குலத்தை மயக்கும் மணம் அச்சேறிய ஆண்டும் ஒன்றாக அமைந்தன. இவர் எழுதியது அவருக்கு எட்டியிருக்க வாய்ப்பில்லை.

பூசாவில் இவ்வளவு தெரிந்த பின்னும் அது மாந்தோப்புக்கு ஏன் இறங்கி வரவில்லை? ஹவ்லெட் 1920 இல் மறைந்தார். 1934 நிலநடுக்கத்தில் பூசா நிறுவனத்தின் கட்டடம் சிதைந்தது. இரண்டாண்டில் நிறுவனமே தில்லிக்குப் பெயர்ந்தது. ஆனால் இவற்றை முழுக் காரணமாகக் காட்டுவது வரலாற்றைச் சுருக்குவதாகும் என்பது என் எண்ணம். காலனிய வேளாண்மைத் துறையின் கவலை பருத்தி, கரும்பு, அவுரி, கோதுமை ஆகியவற்றின் மேலிருந்தது. மாம்பழம் கப்பலேறும் பண்டமாக இல்லை. உள்ளூர்ச் சந்தையில் புழுத்த பழத்துக்காக யாரும் துறைக்குக் கடிதம் எழுதவில்லை. இதற்கும் மேலாக, ஆணை மட்டும் ஈர்க்கும் ஒரு மணத்தால் என்ன பயன் என்ற ஐயம் நியாயமானதே. பழத்தைக் கெடுப்பது பெண். 1940-களில் டி.டி.டி. வந்தபின் அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று.

தேவை வேறொரு கடலில் எழுந்தது. இரண்டாம் உலகப்போரின் முடிவையொட்டிக் கீழைத்தேயப் பழ ஈ ஹவாய்த் தீவுகளுக்குள் நுழைந்து சில ஆண்டுகளில் பழத்தோட்டங்களைச் சூறையாடியது. கலிஃபோர்னியாவுக்குத் தாவிவிடுமோ என்ற அச்சத்தில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வுக்குப் பணத்தைக் கொட்டியது. அங்கே எல். எஃப். ஸ்டைனர் மெத்தில் யூஜினாலை மீண்டும் கையிலெடுத்து 1952 இல் அதன் ஆற்றலை அளந்து வெளியிட்டார். அவர் சேர்த்த புதுமை எளியது. மணத்தோடு நஞ்சைக் கலந்தார். வந்து நக்கும் ஆண் அங்கேயே மடியும். ஆண்கள் அனைத்தும் மடிந்தால் பெண் கருவுற வழியில்லை. இம்முறைக்கு ஆணழிப்பு முறை என்று பெயர்.

1962 தொடங்கி மரியானா தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ரோட்டா என்னும் சிறு தீவில் மெத்தில் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறிய நார்ப்பலகைத் துண்டுகளை விமானத்திலிருந்து திரும்பத் திரும்பத் தூவினார்கள். பழ ஈ அத்தீவிலிருந்து அடியோடு மறைந்தது. ரேச்சல் கார்சனின் நூல் வெளிவந்து பூச்சிக்கொல்லிகளின் மேல் உலகம் சினந்த அதே 1962. மரத்துக்கு மரம் மருந்தடிக்காமல் ஒரு பூச்சியை ஒரு நிலப்பரப்பிலிருந்தே நீக்கலாம் என்பதற்கு ரோட்டா சான்றானது. பின்னர் ஜப்பான் தன் தென்கோடித் தீவுகளில் இதே வழியைப் பின்பற்றி, ஏறத்தாழ இருபதாண்டு உழைப்புக்குப் பின் 1986 இல் அந்த ஈயை நாட்டை விட்டே ஒழித்தது.

இந்த வெற்றிகள் அனைத்தும் தீவுகளில் கிடைத்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். நூறு ஆண் ஈக்கள் உள்ள தோப்பில் தொண்ணூறைப் பிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பொறி நிரம்பி வழியும், பார்ப்பவர் மகிழ்வார். ஆனால் ஓர் ஆண் பல பெண்களோடு கூடவல்லது. எஞ்சிய பத்தும் தோப்பிலுள்ள பெண்களில் பெரும்பாலானவற்றைக் கருவுறச் செய்துவிடும். ஏறக்குறைய எல்லா ஆண்களையும் நீக்கினாலொழிய பழத்தில் விழும் முட்டைகளின் எண்ணிக்கை குறையாது. சுற்றிலும் கடல் இருந்தால் அது நடக்கும். ரோட்டாவுக்கு அண்டைத்தோப்பு கிடையாது. சீனிவாசபுரத்திலோ கிருஷ்ணகிரியிலோ வேலிக்கு அப்பால் இன்னொருவர் தோப்பு. அங்கே கருவுற்ற பெண் ஈ வேலியை மதிப்பதில்லை.

அறிவியலும் இதற்கிடையே கதையைச் சிக்கலாக்கியது. மெத்தில் யூஜினால் பெண் ஈ சுரப்பதன்று, செடிகளில் கிடைப்பது. ஆகவே அறிஞர்கள் அதைப் போலி ஃபெரோமோன் என்றார்கள். தமிழ்நாட்டு வேளாண் துறை வெளியீடுகளில் எல்லாப் பொறிகளுக்கும் பொதுவாக வழங்கும் 'இனக்கவர்ச்சிப் பொறி' என்ற அழகிய சொல் இதற்குக் கறாராகப் பார்த்தால் பொருந்தாது. பெண்ணின் மணம் அன்றெனில் ஆண் ஏன் உயிரைக் கொடுத்து ஓடிவருகிறது? 1980-களின் இறுதியில் ஜப்பானின் ரித்சுவோ நிஷிதாவும் மலேசியாவின் தான் கெங் ஹோங்கும் அவர்களைச் சார்ந்தோரும் விடை கண்டார்கள். ஆண் ஈ அதைத் தின்று, உடலுக்குள் வேறு சேர்மங்களாக மாற்றி, மலக்குடலை ஒட்டிய சுரப்பியில் சேமிக்கிறது. அந்தி நேரத்தில் அதையே தன் ஃபெரோமோனாகக் காற்றில் விட்டுப் பெண்ணை அழைக்கிறது. பெண்ணைத் தேடி வந்து ஏமாந்த ஆணாக நாம் எண்ணியிருந்தது, பெண்ணைக் கவர மணம் பூசிக்கொள்ள வந்த ஆண். மெத்தில் யூஜினாலை உண்ட ஆண்கள் உண்ணாதவற்றைவிடக் கூடலில் முந்துகின்றன என்று 1990-களில் ஹவாயில் டாட் ஷெல்லி செய்த சோதனைகள் காட்டின. ஆகையால் நஞ்சு காய்ந்துபோன பொறியொன்று தோப்பில் தொங்கினால், நாம் ஆண் ஈக்களுக்கு அத்தர்க்கடை வைத்துக்கொடுத்தவர்கள் ஆகிறோம்.

இனிப் பெங்களூருக்கு வருகிறேன். இந்நகரம் பூச்சியியலுக்குப் புதியதன்று. கனடாவிலிருந்து வந்த லெஸ்லி கோல்மன் 1908 இல் மைசூர் அரசின் பூச்சியியலராகவும் பூஞ்சையியலராகவும் பொறுப்பேற்று, ஹெப்பாளில் வேளாண் பண்ணையையும் பள்ளியையும் வளர்த்தார். 1957 இல் காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்திய நிலையம் இங்கே அமைந்தது. 1967 இல் தோன்றிய இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஹெசரகட்டாவில் நிலைகொண்டது. உயிரியல் கட்டுப்பாட்டுக்கான திட்ட இயக்ககம் 1993 இல் உருவாகி, இருமுறை பெயர் மாறி, இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகமாக ஹெப்பாளில் இயங்குகிறது. ஹவ்லெட்டின் மணம் இந்திய மாந்தோப்புக்குத் திரும்பிவந்த வழிகளுள் முக்கியமான ஒன்று இந்த நகரின் ஊடாகச் செல்கிறது.

ஹெசரகட்டாவில் ஆபிரகாம் வர்கீஸும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்தது, பார்வைக்கு எளிய, எனக்கு மிக மதிப்புக்குரிய வேலை. ஒட்டுப்பலகைத் துண்டை எரிசாராயம் 6 பங்கு, மெத்தில் யூஜினால் 4 பங்கு, மாலத்தியான் 1 பங்கு கலந்த கரைசலில் ஊறவைத்துப் பிளாஸ்டிக் புட்டிக்குள் தொங்கவிடும் பொறி நாட்டின் பல ஆய்வுநிலையங்களும் பரிந்துரைக்கும் ஒன்றாக இன்று பரவியுள்ளது. அவர்களுடைய ஆய்வு அந்தப் பொறியோடு நிற்கவில்லை. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அழிப்பதையும், தேவைப்படும்போது மட்டும் மருந்து தெளிப்பதையும் பொறியோடு இணைத்து, எந்தச் சேர்க்கை செலவுக்கு ஈடான பலனைத் தருகிறது என்று கணக்கிட்டார்கள். வர்கீஸ், டாண்டன், ஸ்டோன்ஹவுஸ் ஆகியோரின் 2004 ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே 'பொருளாதார மதிப்பீடு' என்ற சொற்கள் இருக்கின்றன. பொறியில் எத்தனை ஈ விழுந்தது என்று கேட்டுக்கொண்டிருந்த துறையில், விவசாயியின் கையில் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டது திருப்பமென்றே கருதுகிறேன்.

மெத்தில் யூஜினாலுக்கு இன்னொரு குறை உண்டு. வெயிலில் விரைந்து ஆவியாகும். நம் கோடையில் பொறிக்கு அடிக்கடி மருந்தூற்ற வேண்டும். கூலியாள் கிடைக்காத தோப்பில் இரண்டாம் முறை யாரும் ஊற்றுவதில்லை. இதற்கு விடை தேடியவர்கள் ஹெப்பாள் பணியகத்தைச் சேர்ந்த தீபா பகத்தும், இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சுமன் சமந்தா, சந்தனு பட்டாச்சார்யா ஆகியோரும். ஒரு சிறு மூலக்கூறைச் சேர்த்து மெத்தில் யூஜினாலையே கூழ்மமாக உறையவைத்தார்கள். நுண்ணிழைகளின் வலைக்குள் சிக்கிய மணம் மெல்ல மெல்லக் கசியும். குளிர்பதனமின்றி எடுத்துச் செல்லலாம். பொறியைப் புதுப்பிக்கும் முறைகள் குறையும். கொய்யாத் தோப்பில் சோதித்து 2013 இல் வெளியிட்டார்கள். கட்டுரைத் தலைப்பு இதை ஃபெரோமோன் நானோகூழ்மம் என்றே அழைக்கிறது. முன்பு சொன்ன கறார்த்தன்மையின்படி அது பிழை. நிஷிதாவின் கண்டுபிடிப்புக்குப் பிறகு அவ்வளவு பிழையுமில்லை.

அடுத்த ஆண்டே பழ ஈ அரசுகளுக்கிடையேயான விவகாரமாயிற்று. இந்தியாவிலிருந்து வந்த பழ, காய்கறிச் சரக்குகளுள் 207 இல் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் 2013 இல் கண்டறியப்பட்டதைக் காரணமாகக் காட்டி, மாம்பழம், கத்தரி, சேம்பு, பாகல், புடலை ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே 1 முதல் தடைசெய்தது. மாம்பழத்தின் மீதான தடை மறு ஆண்டின் தொடக்கத்தில் நீங்கியது. ஏற்றுமதிப் பழத்தை 48 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்தும் முறை போன்ற ஏற்பாடுகள் வலுப்பெற்றன. அமெரிக்காவுக்குச் செல்லும் பழத்துக்கு 2007 முதலே கதிர்வீச்சுப் பாய்ச்சப்படுகிறது. இவ்விரு வழிகளிலும் பழம் தோப்பை விட்டு வந்த பின்னரே சிகிச்சை நடக்கிறது. கப்பலும் விமானமும் ஏறாத பழத்துக்கு, அதாவது விளைச்சலில் மிகப் பெரும்பகுதிக்கு, வெந்நீரும் இல்லை கதிர்வீச்சும் இல்லை. அந்தப் பெரும்பகுதிதான் ஒக்கலிபுரத்து வண்டிக்கு வருகிறது.

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இது நஞ்சற்ற முறையா? தெளிப்போடு ஒப்பிட்டால் பழத்தின் மேல் எச்சம் படியாது. தேனீயும் பெரும்பாலும் தப்பும். ஆனால் புட்டிக்குள் ஈயைக் கொல்வது மாலத்தியானோ டைகுளோர்வாஸோதான். பல பொறிகளில் பயன்பட்ட டைகுளோர்வாஸ் 2020 இறுதியோடு இந்தியாவில் தடைக்குள்ளானது. மெத்தில் யூஜினாலையே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023 இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் ஒருபடி மேலேற்றியது. ஆகவே கையுறை இல்லாமல் பலகை ஊறவைக்கும் காட்சியைக் களப்பணியில் கண்டால் வாளாவிராதீர்கள்.

எனினும் என் தட்டில் கிடந்த புழுவுக்கு வேதியியலில் மட்டும் விடை தேட நான் தயங்குகிறேன். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு நிலவுடைமையின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர். ஆணழிப்பு முறை பலிப்பதற்கு ஊர்முழுதும் ஒரே வாரத்தில் பொறி கட்ட வேண்டும். ஒரு ஹெக்டேர்க்காரர் தனியாகக் கட்டினால், அவர் செலவில் அடுத்த தோப்பின் ஆண் ஈக்களும் மடியும். அடுத்த தோப்பின் பெண் ஈக்கள் இவர் பழத்தில் முட்டையிடும். குத்தகை முறை இதற்கும் மேல். பூவிலோ பிஞ்சிலோ மரத்தை விலைபேசிக்கொள்ளும் வியாபாரிக்கு ஒரு பருவத்துப் பழத்தின்மேல்தான் உரிமை. உதிர்ந்து அழுகும் பழத்தைப் பொறுக்கிக் குழியிலிட அவர் கூலி கொடுக்க மாட்டார். அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் புழு அடுத்த பருவத்தில் வேறொருவர் சிக்கல். நிலக்காரரோ மரத்தை விற்றுவிட்ட பின் பழம் தன்னுடையதன்று என்கிறார். உதிர்ந்த பழத்துக்கு உடையவர் இல்லை. ஹவாயில் கூடிய அறிவியலர்கள் இப்படி ஒரு குத்தகையைக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். நம் ஆய்வேடுகளிலும் பொறியின் உயரம், நிறம், எண்ணிக்கை பற்றிய அட்டவணைகளின் அளவுக்குக் குத்தகை ஒப்பந்தம் பற்றிய பத்திகளைக் காண்பதில்லை. வேளாண் வரலாறு படிக்கும் மாணவர் யாரேனும் இதை ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.

இறுதியாக ஒன்று. ஹவ்லெட்டின் முதற்கட்டுரை வந்து சரியாக நூறாண்டு கழித்து, 2012 இல், ஹெசரகட்டாவின் கமலா ஜெயந்தியும் இங்கிலாந்தின் ரொத்தாம்ஸ்டெட் ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. மாம்பழம் வெளிவிடும் மணங்களுள் கருவுற்ற பெண் ஈயை இழுப்பவை எவை என்று அவர்கள் தேடினார்கள். 2014 இல் அதன் தொடர்ச்சியாக, காமா-ஆக்டலாக்டோன் முதலான சில சேர்மங்கள் பெண்ணை முட்டையிடவே தூண்டுகின்றன என்று காட்டினார்கள். ஆண் ஈயைச் சுற்றியே ஒரு நூற்றாண்டு ஓடிய பிறகு, பழத்தைத் துளைப்பவளின் மூக்கில் என்ன படுகிறது என்ற கேள்வி முறையாகக் கேட்கப்பட்டிருக்கிறது. ஆணைப் பிடிக்கும் பொறிக்கு அண்டைத்தோப்பின் ஒத்துழைப்பு வேண்டும். பெண்ணைப் பிடிக்கும் பொறி ஆய்வகத்திலிருந்து தோப்புக்கு நிறைவாக வந்து சேர்ந்தால், ஒற்றை ஹெக்டேர்க்காரர் தம் வேலிக்குள்ளேயே ஓரளவு பயன்பெற இடமுண்டு.

ஹெப்பாளில் கோல்மன் வளர்த்த பண்ணையைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.